சிமெண்டும் தண்ணீரும்



பழனி மலைத்தொடரில், காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த தாண்டிக்குடியில் ஒரு சமயம் சில நாட்கள் தங்கியிருந்தேன். காப்பிக் கொட்டை உலர்த்துவதற்காக நண்பர் ஒருவர் சிமெண்டுக் களம் போட்டுக்கொண்டிருந்தார். சிமெண்டு மூட்டைகள் சமவெளியிலிருந்து மலைப்பாதையில் லாரி ஏறி வந்தவை. ஒரு கலவை வீணானாலும் நஷ்டந்தான்.

காலை வேளை, நல்ல குளிர். தண்ணீர் விட்டுக் கலந்த சில நிமிஷங்களிலேயே கலவை விறைத்துப் போயிற்று. இளைஞன் ஒருவன் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தான். முதிய கொத்தனார் கையமர்த்தி, "குடத்தைக் கீழே வை, தம்பி. இன்னொரு தரம் புரட்டிப் பார்" என்றார். புரட்டினார்கள். சொட்டு நீரும் சேர்க்காமலே கலவை இளகிற்று!

குளிரில் சிமெண்டு மெதுவாக அல்லவா இறுக வேண்டும்? விறைத்தது ஏன்? மீண்டும் இளகியது ஏன்?

சேறு காய்வதைப்போலச் சிமெண்டும் காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. சிமெண்டு தண்ணீருக்கு அடியிலும் இறுகும். அது தண்ணீரோடு நிகழ்த்தும் இரசாயன வினையே இறுகலுக்குக் காரணம்.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் என்னும் கட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் அடங்கிய பொருள்களுள் பெரிய அவசரக்காரன் டிரைகால்ஷியம் அலுமினேட். தண்ணீர் பட்டதுமே வெப்பத்தைக் கக்கிக்கொண்டு வினைபுரியும். அதன் போக்கில் விட்டால், கரணையைக் கையில் எடுக்குமுன் குழம்பு கட்டியாகிவிடும். இதைத் தடுக்கவே, கிளிங்கரை அரைக்கும்போது நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சத்திலிருந்து கரைந்து வரும் சல்பேட், அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் நுண்ணிய ஊசிப் படிகங்களை உண்டாக்குகிறது. அலுமினேட்டின் வேகம் அடங்குகிறது. அதன்பின் ஓரிரண்டு மணி நேரம் குழம்பு அமைதியாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் நாம் கலவையைக் கொட்டிப் பரப்புகிறோம். பிறகு ஸிலிகேட்டுகளின் வினை வேகமெடுத்து, உண்மையான இறுகல் தொடங்குகிறது. சாதாரணச் சிமெண்டு 30 நிமிஷத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது. 600 நிமிஷத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி.

ஆனால் அரைக்கும் ஆலையில் வெப்பம் மிஞ்சிவிட்டால், ஜிப்சம் தன்னுள் இருக்கும் நீரின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அந்த மாவாகவே அது மாறிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் மீண்டும் ஜிப்சப் படிகமாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. கலவை விறைக்கிறது. இது வலுவற்ற பின்னல், புரட்டினால் அறுந்துவிடும். இதைப் 'பொய் இறுகல்' எனலாம். தாண்டிக்குடியில் நான் கண்டது இதுவே. அலுமினேட் கட்டுக்கடங்காமல் போவதால் நேரும் திடீர் இறுகல் வேறு. அதில் கலவை சுடும். எவ்வளவு புரட்டினாலும் இளகாது.

அந்தக் குடத்துத் தண்ணீரை ஊற்றியிருந்தால் என்ன கெட்டுவிடும்? சிமெண்டின் வினைக்கு அதன் எடையில் ஏறத்தாழ கால்பங்குத் தண்ணீரே வேண்டும். மேற்கொண்டு விடுவதெல்லாம் கலவை ஓடுவதற்காகத்தான். அந்த மிகுதி நீர் பின்னர் வெளியேறி, தான் இருந்த இடங்களில் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. நீர் ஏற ஏற வலிமை இறங்கும் என்பதை அமெரிக்கரான டஃப் ஏப்ராம்ஸ் 1918-ல் எடுத்துக் காட்டினார்.

தண்ணீரைக் கூட்டாமல் ஓட்டத்தை மட்டும் கூட்டும் திரவங்கள் இன்று உண்டு. அவை சிமெண்டுத் துகள்களின்மேல் படிந்து, அவற்றைத் திரளவொட்டாமல் விலக்கி வைக்கின்றன. ஆயினும், அலுமினேட்டின் முதல் விளைபொருள்கள் அத்திரவத்தை விழுங்கிவிட்டால் பயன் குறையும். ஒரு சிமெண்டில் நன்றாக வேலை செய்யும் திரவம் வேறொன்றில் சோர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

சில ஆண்டுகள் கழித்துத் தாண்டிக்குடிக்கு மறுபடியும் போயிருந்தேன். வெடிப்பில்லாத அந்தக் களத்தில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. உங்கள் ஊரில் கட்டட வேலை நடந்தால், சற்று நின்று கவனியுங்கள். விறைத்த கலவைக்குக் கொத்தனார் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். நல்லதொரு இரசாயனப் பாடம் அங்கே கிடைக்கும்.