புயல் ஓய்ந்த பின் வரும் நாட்கள்

(கல்முனையில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவை இங்கு அமர்ந்திருக்கும் முதியோர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கீழ்க்கரையில் அன்று அடித்த சூறாவளி ஏறத்தாழ 900 உயிர்களைக் கொண்டுசென்றது; பத்து இலட்சம் மக்களை அல்லற்படுத்தியது. 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இவையெல்லாம் பழங்கதை என்று இளைஞர் எவரேனும் எண்ணுவாராயின், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை நினைவூட்டுகிறேன். இலங்கையில் 600 பேருக்கு மேல் அதனால் இறந்தனர். சிலாபம் வைத்தியசாலையினுள் வெள்ளம் புகுந்து, நோயாளர்களையே வேறிடம் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. நோயாளியைக் காக்கவேண்டிய இடம் தானே நோயாளியாகிவிட்டால் நாம் எங்கே ஓடுவது?

நமது ஊரின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வட்டை. இடையிலே ஒடுங்கிய மணற்றிடல். அதன்மேல்தான் வீடு, பள்ளிவாசல், கோயில், சந்தை, ஆஸ்பத்திரி யாவும் நெருங்கி நிற்கின்றன. மாரி வெள்ளம் வயலை மூடினால் மேற்கே செல்லும் வீதியும் மூடப்படும். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் நடந்ததைச் சொல்ல நா எழவில்லை. நிந்தவூர் அரபுக் கல்லூரியிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய சிறுவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அந்த வீதிதான் அம்பாறை வைத்தியசாலைக்கு நோயாளியை நாம் அனுப்பும் வீதியுமாகும்.

புயலடிக்கும் இரவில் பறக்கும் தகரம் வெட்டும், மரம் விழும். அக்காயங்கள் கண்ணுக்குத் தெரிவன. உடனே தூக்கிக்கொண்டு வருவீர்கள். ஏற்புவலி ஊசியும் போடப்படும். எனக்கு அச்சந்தருவது அதற்குப் பின்வரும் வாரங்களே. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளத்தில் கலந்தபின், குளோரின் இடாத கிணற்றுநீரை அள்ளிக் குடித்தால் வயிற்றோட்டம் வரும். தேங்கிய நீரில் நுளம்பு பெருகி, இரண்டு மூன்று வாரங்களில் டெங்கு தலைகாட்டும்.

உழவரே, உம்மைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெள்ளம் வடிந்ததும் பயிரைப் பார்க்கச் சேற்றில் இறங்குகிறீர். எலியின் சிறுநீர் கலந்த அந்நீர் காலிலுள்ள சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சலைக் கொடுக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும், கெண்டைக்கால் வலிக்கும், கண் சிவக்கும். வேலை அசதி என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டு, சிறுநீர் குறைந்தபின் வருகின்றவரின் சிறுநீரகத்தை மீட்பது எளிதன்று. வயலில் இறங்குமுன் வாரம் ஒருமுறை விழுங்க டொக்சிசைக்ளின் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் இலவசமாகவே தருகிறது. வாங்கி வைத்துவிட்டு விழுங்காதவர்கள் இச்சபையிலும் இருக்கக்கூடும்!

மெலியோய்டோசிஸ் என்ற மற்றொரு நோயும் இம்மண்ணிலேயே உறைகின்றது. நீரிழிவுள்ளோரை அது கொடிதாகப் பற்றும். சாதாரண நிமோனியா போலத் தோன்றும்; உரிய மருந்து கொடாவிடில் உயிர்போகும். மாரிகாலத்தில் நீரிழிவுள்ள உழவர் காய்ச்சலோடு வந்தால், இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பும் வழக்கம் எந்தச் சிறிய வைத்தியசாலையிலும் தவறக்கூடாது.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். மின்பிறப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்பார்கள். அது நிலமட்டத்தில் நிற்கின்றதா, மேடையில் நிற்கின்றதா? வீதி அறுந்தால் எத்தனை நாளைக்கு எண்ணெய் உண்டு? ஒக்சிசன், பாம்புக்கடி மருந்து, இன்சுலின் எத்தனை நாளைக்குப் போதும்? சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஒருமுறை இரத்தம் சுத்திகரிக்க ஏறக்குறைய 120 லீற்றர் தூய நீர் வேண்டும். மின்சாரமும் நீரும் நின்றபின் அவரை ஏற்றிச்செல்ல வண்டி தேடுவது வீண்முயற்சி. எச்சரிக்கை வந்த அன்றே அவரையும், பேறுகாலம் நெருங்கிய தாய்மாரையும் அகற்றியாக வேண்டும். தாய்மாரின் பெயர்ப்பட்டியல் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்னரே உண்டு. வண்டிதான் இல்லை.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் கூப்பிடுதூரத்தில் இருக்கின்றன. எல்லைப் பிரச்சினை ஒன்று இவ்வூரில் உண்டு. அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் புயல் நாளில் ஒன்றின் இரத்தமும் ஒக்சிசனும் மற்றதற்கும் உரியவை என்று இப்பொழுதே எழுத்தில் இணங்கிக்கொள்ளட்டும். பெரும்போக விதைப்புக்கு முன்னர், ஒக்டோபர் பிறக்குமுன், இரு வைத்தியசாலையாரும் பிராந்தியச் சுகாதாரப் பணிப்பாளரும் உழவு இயந்திரச் சொந்தக்காரரும் மீனவர் சங்கத்தாரும் ஒரே மேசையில் அமரவேண்டும். அக்கூட்டத்திற்குரிய நாளை இச்சபை கலையுமுன் குறித்துத் தருமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.