பயந்து பட்டினி கிடக்காதீர்கள்

மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவற்றைப் பற்றி வாய்விட்டுப் பேச நம்மில் பலருக்குக் கூச்சம். வருடக்கணக்கில் பொறுத்துப் பார்த்து, இனி முடியாது என்ற கட்டத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்கள், அடுத்த சில வாரங்களை எப்படிக் கழிப்பது என்று கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். அந்த வாரங்களில் புண்ணைவிடப் பெரிய எதிரி பயம்தான். வெளிக்குப் போனால் வலிக்குமே என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்வது விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் வழக்கமாக இருக்கிறது. வலியை வளர்ப்பதே அந்தப் பட்டினிதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் புண்ணைப் புரிந்துகொள்வோம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மில்லிகனும் மார்கனும் 1937-இல் விவரித்த முறையில்தான் இன்றும் பல இடங்களில் மூலத்துக்கு ஆபரேஷன் நடக்கிறது. அதில் மூலக் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, புண்ணைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். பவுத்திரத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வந்து மூட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆழமான பவுத்திரம் என்றால் மாதங்களும் ஆகலாம். அதனால் கொஞ்ச நாள் நீர் கசிவதையும், வெளிக்குப் போகும்போது சில சொட்டு ரத்தம் வருவதையும் கண்டு ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டாம்.

இனி அந்தப் பயத்தின் விஷயம். பெருங்குடலின் வேலை நீரை உறிஞ்சுவது. மலத்தை அடக்கினால் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் வருவது கல்லாக இறுகித்தான் வரும். முக்கினால் புண் கிழியும், ஆசனவாய்த் தசை இறுகித் துடிக்கும், அடுத்த தடவை பயம் இரட்டிப்பாகும். “சாப்பிடாவிட்டால் மலமே வராதே” என்று கேட்கலாம். வரும். மலத்தின் திடப் பகுதியில் கணிசமான பங்கு குடலில் வாழும் கிருமிகளும் உதிர்ந்த செல்களும்தான். முழுப் பட்டினி கிடந்தாலும் அது சேரும். நார்ச்சத்து இல்லாததால் சிறுத்து இறுகிச் சேரும். ஆகவே நிறையச் சாப்பிட்டு மலத்தை இளக்கமாக வைத்துக்கொள்வதுதான் வலியைக் குறைக்கும் வழி. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். இந்தக் கரிசல் பூமியில் அதற்குப் பஞ்சமே இல்லை: கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு, கீரை, தட்டைப்பயறு, கொய்யாப்பழம். இசப்கோல் எடுத்துக்கொண்டால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுங்கள். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அதுவே அடைத்துக்கொள்ளும். மைதா பரோட்டாவை அந்த ஒரு மாதம் மறந்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ இல்லாதவர்கள் இந்த வெயிலில் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். வேலையிடத்தில் கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரைத் தவிர்த்தே பழகிய பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

மிளகாய் வேண்டாம் என்றால், விருதுநகர்க்காரர்களிடம் போய் இதைச் சொல்வதா என்பார்கள். இந்த மாவட்டத்துச் சம்பா வத்தலுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. 2006-இல் இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு, மூலநோய் உள்ளவர்களுக்கு மிளகாயால் தொந்தரவு கூடவில்லை என்று சொன்னது உண்மைதான். ஆனால் அது ஆபரேஷன் ஆகாதவர்களைப் பற்றியது. அடுத்த ஆண்டே நாக்பூரைச் சேர்ந்த ஓர் அறுவை மருத்துவர், மூல ஆபரேஷன் முடிந்தவர்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். மிளகாய் சாப்பிட்டவர்களுக்கு எரிச்சலும் வலியும் அதிகம் இருந்தன. புண் ஆறும்வரை காரத்தைக் குறைப்பதுதான் நியாயம்.

ஒவ்வொரு தடவை வெளிக்குப் போய் வந்ததும் வெந்நீரில் உட்காருங்கள். அகலமான பிளாஸ்டிக் டப்பில் இடுப்புப் பகுதி அமிழும் அளவுக்குத் தண்ணீர். முழங்கையை நனைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் போதும். புண்ணை இது விரைவாக ஆற்றிவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் இறுகிய தசை தளர்ந்து வலி அடங்குவதைப் பலரும் உணர்கிறார்கள். டெட்டால், மஞ்சள்தூள் எதுவும் அந்தத் தண்ணீரில் வேண்டாம். டெட்டால் புதுச் சதையை அரிக்கும். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போகும்வரை தள்ளிப்போடாமல் சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். டிரமடால் போன்ற மாத்திரைகள் மலத்தைக் கட்டும்; எழுதிக் கொடுத்திருந்தால் மலமிளக்கியும் சேர்த்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

“இதெல்லாம் சரி, கூலி யார் தருவார்கள்?” என்பது மிக நியாயமான கேள்வி. உருப்படிக் கணக்கில் சரவெடி பின்னுகிறவர் ஒரு நாள் உட்காராவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் வலி கொஞ்சம் குறைந்ததும், ஒரு வாரத்திலேயே வேலைக்குத் திரும்புகிறார்கள். அங்கேதான் ஆபத்து. மூல ஆபரேஷனுக்குப் பின் சிலருக்குப் பெரிய ரத்தப்போக்கு வருவது பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள்தான். கட்டியாக ரத்தம் வந்தாலோ நிற்காமல் ஒழுகினாலோ, தலைசுற்றினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ, இரவானாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

கூலிக்கும் ஒரு வழி உண்டு. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி, ஓர் ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். வீட்டிலிருந்து பட்டாசுக் குழாய் உருட்டுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. அது வருத்தமான குறை. அவர்கள் வேலையைத் தொடங்கியே ஆக வேண்டுமென்றால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும், கனமான மூட்டை தூக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள், எத்தனை நாள் ஓய்வு என்பதற்கான மருத்துவச் சான்றிதழை டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.