மௌனத்தைக் கேட்கும் முறை



நினைவுச் சொற்பொழிவில் உளப்பகுப்பாய்வுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். ஊரையும் சேரியையும் பிரித்த சாதி, மனதுக்குள்ளும் புகுந்து வாயை அடைக்கிறது. வாயைத் திறக்கச் சொல்லும் ஒரு சிகிச்சை நம்மிடம் வரும்போது எப்படி மாற வேண்டும்? அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

மனதில் தோன்றுவதையெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது ஃப்ராய்டின் அடிப்படை விதி. சொல்லத் தயங்கினால் அதற்கு 'எதிர்ப்பு' என்று பெயர். கட்டணம் கட்டி, வாரத்தில் பல நாள் வந்து படுத்துப் பேசக்கூடியவர்களிடம் உருவான முறை இது. அந்த எல்லை ஃப்ராய்டுக்கும் தெரியும். ஏழைக்கும் மனநல சிகிச்சை பெற உரிமை உண்டு, அப்போது நம் உத்திகளையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று 1918இல் புடாபெஸ்ட் மாநாட்டில் பேசினார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் இலவச மருத்துவமனைகள் திறந்தன.

அதே 1922இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய நோயாளிகளிடம் கண்டது தன் இந்திய நோயாளிகளிடம் அதே அளவில் இல்லை என்று ஃப்ராய்டுக்கே எழுதிய துணிச்சல்காரர். ஆனால் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த நடுத்தர வர்க்க வங்காளிகள். 'இந்திய மனம்' என்று அங்கே பேசப்பட்டதில் சேரியின் மனம் இல்லை.

1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனைக்குப் போன மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான், கூட்டம், பத்திரிகை, விழா என்று ஒரு கூட்டுச் சிகிச்சையை நடத்தினார். ஐரோப்பியப் பெண்களிடம் பலித்தது; முஸ்லிம் ஆண்களிடம் தோற்றது. அவர் நோயாளிகளைக் குறை சொல்லவில்லை, முறையை மாற்றினார். அவர்களுக்குப் பழகிய காபிக் கடையை மருத்துவமனைக்குள் திறந்தார், அவர்களுடைய பண்டிகைகளைக் கொண்டாடினார்.

இப்போது நம் பக்கம் வருவோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்: நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் வாழும் இடங்கள். முகவரி சொன்னாலே வேலை கிடைக்காது என்பதால் பலர் அதை மறைக்கிறார்கள். அங்கிருந்து வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்குப் பகல் நேரத்துச் சிகிச்சை என்றால் ஒரு நாள் கூலி போகும். தாம்பரத்தில் ரயில் பிடித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவனுக்கோ, எதிரே உட்கார்ந்திருப்பவரின் சாதி தெரியாது. தன் சாதி தெரிந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அவனுடைய மௌனத்தை 'எதிர்ப்பு' என்று குறித்துக்கொள்வது தவறு. உயிர் பிழைக்கக் கற்ற பாடம் அது.

அங்கே உத்தி மாற வேண்டும். நேரமும் கட்டணமும் வேலை செய்பவருக்கு ஏற்றபடி அமைய வேண்டும். சாதியைப் பற்றி இங்கே பேசலாம் என்று மருத்துவரே முதலில் சொல்ல வேண்டும். நேற்று வகுப்பில் பட்ட அவமானத்தை அப்பா மீதுள்ள பழைய கோபமாக மட்டும் விளக்கி முடித்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் துயரம் எல்லாமே சாதிதான் என்று அடைத்துவிடுவதும் காது கொடுக்காததுதான். நமக்கும் காதல் தோல்வி உண்டு, தாயோடு பிணக்கு உண்டு, காரணம் புரியாத கனவு உண்டு. தலித் என்பதால் ஒருவருக்குத் தனி மனம் இல்லாமல் போய்விடாது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. வாசலில் தடுப்பது மட்டுமா பாகுபாடு? உள்ளே உட்கார வைத்துவிட்டு, சொன்னதைக் கேட்காமல் விடுவதும் பாகுபாடுதான். உளவியலும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்களே, அந்த நாற்காலியில் நாளை நீங்கள் உட்காரப் போகிறீர்கள். எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால், அவரைத் திருத்தும் முன் உங்கள் முறையைத் திருத்துங்கள்.