விலை பெறும் விருந்து



விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியர் புதிதாகப் புனையப்படும் செய்யுளையும் இச்சொல்லாலேயே குறித்தார். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர். உற்றார் உறவினர் சுற்றம் எனப்பட்டனர். அப்புதியவருக்குக் கைம்மாறு கருதாது உணவும் உறைவிடமும் அளிப்பதே விருந்தோம்பல் என்று தமிழ் மரபு கொண்டது. அங்ஙனமாயின், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விலை குறித்துப் பெற்றுக்கொண்டு, தாம் வாழும் வீட்டிலேயே புதியவரைத் தங்கவைக்கும் வழக்கத்தை எப்பெயரால் அழைப்பது? அது விருந்தா, வாணிகமா? இவ்வினாவிற்கு விடை காணும்பொருட்டுப் பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் உள்ள அல்சாஸ் என்னும் திராட்சை நிலத்துச் சிற்றூர் வீடுகளை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

நிலமும் ஊரும்

மேற்கே வோஜ் மலைத்தொடர், கிழக்கே ரைன் ஆறு. இரண்டிற்கும் இடையே கிடப்பது அல்சாஸ். மேல்காற்றுக் கொணரும் மழையை மலை தடுத்துவிடுவதால், அங்குள்ள கொல்மார் நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. இவ்வறட்சியே திராட்சைக்கு உகந்ததாயிற்று. மலையடிவாரச் சரிவுகளில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் பரப்பில் ரீஸ்லிங், கெவுர்ஸ்திராமினர், சில்வானர், மஸ்கட் முதலிய இனங்கள் பயிராகின்றன. வடக்கே மார்லென்ஹைம் முதல் தெற்கே தான் என்னும் ஊர் வரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளும் திராட்சை மதுச் சாலை 1953இல் தொடங்கிவைக்கப்பெற்றது. ரிக்விர், கைசர்ஸ்பெர்க், எகிஷைம் போன்ற சிற்றூர்கள் அதன் இருமருங்கும் அமைந்துள்ளன. மரச்சட்டங்களுக்கிடையே சுவர் எழுப்பிய பழைய வீடுகள், அவற்றின் அடியில் மதுப் பீப்பாய்கள் நிறைந்த நிலவறை, கூரை உச்சியில் செங்கால் நாரையின் கூடு என்பன அவ்வூர்களின் அடையாளங்கள்.

வீட்டு அறை

இவ்வீடுகள் சிலவற்றின் மாடியறைகளே வழிப்போக்கருக்குத் தங்குமிடங்கள். பிரெஞ்சுக்காரர் இதனை ‘ஷாம்பர் தோத்’ என்பர். விருந்தினர் அறை என்பது பொருள். இவ்வழக்கத்திற்குச் சட்டமே வரம்பு கட்டியுள்ளது. ஒரு வீட்டில் ஐந்து அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடலாகாது. ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் தங்கலாகாது. வீட்டில் வாழ்பவரே விருந்தினரை வரவேற்றல் வேண்டும். படுக்கைத் துணியும் காலையுணவும் அறையின் விலைக்குள் அடங்கும். ஊராட்சி மன்றத்தில் பதிவு செய்துகொள்வதும் கடமை. ஆறாவது அறை திறக்கப்படின் அது விடுதியாகிவிடும். வீட்டிற்கும் விடுதிக்கும் இடையே சட்டம் கிழித்த கோடு இதுவே.

நாட்டுப்புற இல்லங்களைத் தங்குமிடங்களாக்கும் முயற்சி இரண்டாம் உலகப் போருக்குப் பின் வலுப்பெற்றது. சிற்றூர்களை விட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. பாழ்படும் வீடுகளைக் காக்கவும் உழவர்க்குத் துணை வருவாய் தரவும் 1955இல் ‘ஜீத் தெ பிரான்ஸ்’ என்னும் கூட்டமைப்புத் தோன்றியது. விடுதிகளின் தரத்தை விண்மீன்களால் குறிப்பது உலக வழக்கு. இக்கூட்டமைப்போ வீடுகளின் தரத்தைத் தானியக் கதிர்களால் குறித்தது. அடுப்பும் வயலும் அருகருகே உள்ள இடம் என்பதை அச்சின்னமே உணர்த்திவிடுகிறது.

காலை மேசை

இவ்வீடுகளின் உயிர்நிலை காலை மேசையே எனலாம். பாதாம்பருப்பும் உலர்திராட்சையும் இட்டு, நடுவே துளையுள்ள மண் அச்சில் சுட்டெடுக்கும் ‘கூகல்ஹோப்ஃப்’ என்னும் அப்பம் அல்சாசில் பெயர்பெற்றது. அவ்வச்சுகளைச் சுஃப்லென்ஹைம் என்னும் ஊர்க் குயவர்கள் வனைகின்றனர். வீட்டில் காய்ச்சிய பழப்பாகு, ரொட்டி, வெண்ணெய், காப்பி ஆகியனவும் உடன் வரும். முந்தைய நாள்வரை ஒருவரையொருவர் அறியாதார் ஒரே நீள்மேசையில் அமர்ந்து, கிண்ணத்தைக் கைமாற்றி உண்கின்றனர். விடுதியில் தனித்தனி மேசைகளில் அமர்ந்து உண்பார்க்கு இவ்வாய்ப்பு இல்லை.

ஆயினும் அம்மேசையைக் கண்டு மகிழ்வோர், அதன்பின் உள்ள உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திராட்சைக் கொடியைக் குளிர்காலத்தில் கவாத்துச் செய்து, இளவேனிலில் கம்பியில் கட்டி, பூத்தபின் ஏறத்தாழ நூறு நாள் காத்திருந்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை செய்வர். அம்மாதங்களிலும் விருந்தினர் வருவர். விடியுமுன் எழுந்து காலை மேசை விரித்த பெண்ணே அடுத்த நாழிகையில் கத்தரிக்கோலுடன் சரிவில் நிற்கிறாள். பகலில் மீண்டு படுக்கைத் துணி மாற்றுகிறாள். மாலையில் புதியவருக்குக் கதவு திறக்கிறாள்.

விருந்தோம்பல் பெண்ணின் பெருமை எனப் போற்றப்படும் இடமெல்லாம் அவள் உழைப்புக் கணக்கில் வாராது போவதுண்டு. பிரான்சிலும் உழவர் மனைவியரின் உழைப்பு நெடுங்காலம் ‘கணவனுக்கு உதவி’ என்றே கருதப்பட்டது. 1999ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டமே, கணவனுடன் உழைக்கும் மனைவிக்குக் கூட்டு உழைப்பாளர் என்னும் தகுதியை வழங்கியது. இந்நிலையில், விருந்தினர் அறைக்கு விலை குறித்த செயல் அப்பெண்ணின் உழைப்புக்கு முதன்முதலாக மதிப்பிட்ட செயலுமாகும். கோவலன் பிரிந்த நாள்களில் விருந்தினரை வரவேற்கும் பேற்றைத் தான் இழந்ததாகக் கண்ணகி வருந்துவதைச் சிலப்பதிகாரம் கொலைக்களக் காதையில் காட்டுகிறது. விருந்தோம்பலை அவள் தன் உரிமையாகக் கருதியதனாலேயே அவ்விழப்பு அவளுக்குத் துயரமாயிற்று. உரிமையோடு செய்யும் பணி வேறு; மதிப்பின்றிச் சுமக்கும் பணி வேறு.

வருவாயின் தேவையும் சிறிதன்று. 2021 ஏப்ரலில் பிரான்சின் திராட்சை நிலங்கள் பலவற்றை உறைபனி கருக்கியது. அவ்வாண்டுக் கோடையில் அல்சாசில் மழை மிகுந்து பூஞ்சை நோய் பரவியது. ஓராண்டு விளைச்சல் பொய்த்தாலும் சிறு நிலம் உடைய குடும்பம் வீட்டை விற்காமல் நிற்பதற்கு மாடியறைகள் கைகொடுக்கின்றன. பனி கொடியைக் கருக்கலாம்; அறையைக் கருக்குவதில்லை.

புதியவரும் பகைவரும்

இம்மண்ணில் புதியவருக்குக் கதவு திறப்பது எளிய செயலன்று. அல்சாஸ் 1871இல் செருமனியின் வசமாயிற்று; 1918இல் பிரான்சிடம் மீண்டது; 1940இல் மறுபடியும் செருமனியால் கவரப்பட்டது; 1945இல் திரும்பவும் பிரான்சினது ஆயிற்று. 1870இல் பிறந்து முதுமை எய்திய ஒருவர், தம் ஊரை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறினார். 1942 முதல் அல்சாஸ், மொசெல் பகுதிகளின் இளைஞர் ஏறத்தாழ 1,30,000 பேர் செருமானியப் படையில் வலிந்து சேர்க்கப்பட்டனர். 1944ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த போரில் பென்விர் என்னும் சிற்றூர் ஏறத்தாழ முற்றும் அழிந்தது. இத்துணை இன்னல் கண்ட ஊர்களில் இன்று ரைன் ஆற்றைக் கடந்து வரும் செருமானியக் குடும்பங்களும் காலை மேசையில் அமர்கின்றன. அப்பம் கைமாறும் அக்காட்சிக்கு எவ்விலையும் ஈடாகாது.

மதுவும் தமிழ் மரபும்

திராட்சை மதுவைப் பற்றிப் பேசுமிடத்துத் தமிழர் நெஞ்சில் ஒரு தயக்கம் தோன்றுதல் இயல்பே. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். மறுபுறம், யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரரின் பாட்டு, புறநானூற்றில் 56ஆம் பாட்டு, குறிக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், நடுநிலக்கடல் நாடுகளின் கூர்ங்குடங்கள் வெளிப்பட்டன. விலக்கலும் ஏற்றலும் ஆகிய இரண்டும் தமிழ் இலக்கியத்தில் உள்ளன. அல்சாஸ் வீடுகளில் மது அருந்தாதார் தாழ்வாக எண்ணப்படுவதில்லை. அவர்க்குத் திராட்சைச் சாறு உண்டு. சுவைத்துப் பார்ப்போரும் வாயிலிட்டு உமிழ்ந்துவிடக் கலயம் வைக்கப்படுகிறது. மதுவிற்குப் பேர்போன அந்நாடே 1991இல் மது விளம்பரங்களுக்குக் கடுந்தடை விதித்துச் சட்டம் இயற்றியதும் நினைக்கத்தக்கது.

நிறைவாக

விருந்தா, வாணிகமா என்னும் வினாவிற்கு வருவோம். அறைக்கும் அப்பத்திற்கும் விலை உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. விலை கொடுப்பதனால் விருந்தினரும் இரப்பவராகாமல் நிமிர்ந்து அமர்கிறார்; விலை பெறுவதனால் இல்லத்தவரும் வீட்டை இழக்காமல் வாழ்கின்றனர். ஆயினும் சட்டம் ஐந்து அறைகளை எண்ணலாம்; இன்முகத்தை எண்ண இயலாது. முகம் திரிந்து நோக்கினால் விருந்தினர் வாடுவர் என்பதற்கு வள்ளுவர் அனிச்ச மலரை உவமையாக்கினார். அம்முகமே விருந்தையும் வாணிகத்தையும் பிரிக்கும் எல்லை. விலை வாங்கிய பின்னும் வாடாத முகம் ஒரு வீட்டில் இருக்குமாயின், அங்கு நடப்பது விருந்தோம்பலே.

பத்தாண்டுகளாகப் புதிய குரல்களுக்கு அவையில் இடமளித்து வரும் இவ்விலக்கிய வட்டமும் அத்தகைய ஓர் இல்லமே. அதன் கதவு என்றும் திறந்திருக்க!