சத்தம் போடாத நோயாளி

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு நடத்திய குடும்ப நல்வாழ்வுக் கூட்டத்தில் நர்சிங் மாணவி ஒருவர் ஆற்றிய உரை.)





"நர்சிங் படிக்கிற பிள்ளை நீ, முதலுதவி பற்றி நாலு வார்த்தை சொல்லம்மா" என்று அறக்கட்டளைப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். முதலுதவிக் குறிப்புகள் இப்போது எல்லோருடைய செல்போனிலும் வருகின்றன. அதனால், வார்டில் எங்களுக்குச் சொல்லித் தருகிற ஒரு பாடத்தை மட்டும் உங்களிடம் எடுத்துவைக்க விரும்புகிறேன். நான் சொல்லப்போகிற எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

ஒரு வேன் கவிழ்ந்து பத்துப் பேரை ஒரே நேரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை முறிந்தவர் அலறுவார். நெற்றி கிழிந்தவர் சட்டையெல்லாம் ரத்தமாக நின்று சண்டை போடுவார். கூட வந்தவர்கள் எங்கள் கையைப் பிடித்து அவரிடம்தான் இழுப்பார்கள். எங்களுக்குச் சொல்லித் தந்திருப்பது வேறு. அலறுகிறவருக்கு மூச்சு வருகிறது, நினைவும் இருக்கிறது. ஓரமாகச் சத்தமில்லாமல் கிடக்கிறாரே, அவரிடம் முதலில் போ என்பதுதான் பாடம். அவருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துக்கொண்டிருக்கலாம். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

சாதாரண வார்டிலும் இதே கதைதான். நாலு ஆள் துணைக்கு உள்ள நோயாளிக்குத் தலைவலி என்றாலும் நர்ஸுக்குச் செய்தி வந்துவிடும். பக்கவாதத்தில் பேச்சு போன பெரியம்மா தாகத்தைக்கூடச் சொல்ல முடியாமல் படுத்திருப்பார். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் முதுகிலும் இடுப்பிலும் தோல் சிவந்து, பிறகு புண்ணாகிவிடும். வலிக்கிறது என்று அவர் சொல்லமாட்டார். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று எங்களுக்கு விதி வைத்திருக்கிறார்கள். நோயாளி கூப்பிடும்வரை காத்திருக்கும் வேலை இல்லை இது. கூப்பிட முடியாதவரை நாமே தேடிப் போகிற வேலை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளிலும் ஆபத்து பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வருகிறது.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென்று குறைந்தால் கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். "வாப்பாவுக்கு இன்றைக்கு என்னமோ எரிச்சல், தூங்கட்டும்" என்று விட்டுவிட்டால் அந்தத் தூக்கமே மயக்கமாகிவிடும். நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி சோதித்துப் பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும். இடதுபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ரமலானில் இது இன்னும் முக்கியம். நோன்பில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். சந்தேகம் உள்ளவர்கள் நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ரமலானுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பக்கவாதம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் தொங்குவது, பேச்சு குழறுவது. இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் மணி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார்?" என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. பதில் தெரியாவிட்டால் அந்த ஊசியே போட முடியாமல் போகலாம்.

நம் வட்டாரம் வயலும் தோப்பும் மலையடிவாரமும் கலந்தது. பாம்புக்கடி நமக்குப் புதிதில்லை. ஆனால் கட்டுவிரியனைப் பற்றி எல்லோருக்கும் தெரியாது. இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடிபட்ட இடத்தில் வீக்கமும் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள். கண் இமை தானாக மூடும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சு நின்றுபோகும். குழந்தை காலையில் இப்படி எழுந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எந்தப் பாம்புக்கடியானாலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ ஆடாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர நேரம் செலவழிக்க வேண்டாம். நம் நாட்டில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது.

வீட்டை விட்டு வெளியே வருவோம். சாரல் தொடங்கிவிட்டால் உறவுக்காரர்கள் எல்லோரும் நம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், குற்றாலம் போக. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். திடீரென்று வந்த வெள்ளம் நெல்லையிலிருந்து வந்திருந்த 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அருவியில் குளிப்பவருக்கு மலைக்கு மேலே பெய்கிற மழை தெரியாது. நிமிடக் கணக்கில் தண்ணீர் ஏறும்போது ஓடத் தெரிந்தவர் ஓடிவிடுவார். குழந்தையும், முழங்கால் வலிக்காரப் பெரியம்மாவும், கையில் பிள்ளை வைத்திருக்கும் தாயும் பின்தங்குவார்கள். தண்ணீர் நிறம் மாறிக் கலங்கினால், மரக்குச்சியும் சருகும் சேர்ந்து வந்தால், போலீஸார் விசில் அடித்தால், "இன்னும் ஒரு தடவை" என்று நிற்காதீர்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் முதலில் கரையேற்றுங்கள்.

தண்ணீரில் மூழ்குகிறவர் கையை ஆட்டிக் காப்பாற்றுங்கள் என்று கத்துவார் என சினிமா நமக்குக் காட்டியிருக்கிறது. உண்மையில் அவரால் கத்த முடியாது. வாய் தண்ணீரில் இருக்கும். வெளியே வருகிற கணத்தில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாமல் ஒரு பிள்ளை போய்விடும். ஆகவே குடும்பமாகப் போனால் குளிக்காமல் எண்ணிக்கொண்டு நிற்க ஒருவரை நியமியுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களைத் துணை இல்லாமல் தண்ணீரில் இறக்காதீர்கள். மூழ்கியவரைத் தூக்கிவந்தால் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை காற்று ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் விடாதீர்கள்.

இதுவரை சொன்னவர்கள் நோயால், தண்ணீரால் குரல் இழந்தவர்கள். நாமே குரலை எடுத்துக்கொண்ட மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு முழுமையாகாது.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் கத்தியிருப்பார்கள். ஆனால் இரவில் அவர்கள் கத்துவது வழக்கம்தானே என்று நினைத்துப் பழகிய காதுகள்தான் சுற்றிலும் இருந்திருக்கும். எல்லா மதத்துக் குடும்பங்களும் குணம் கிடைக்கும் என்று நம்பி அவ்வூருக்குக் கொண்டுவந்து விட்டவர்கள்தான். நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை. துஆ நம் ஆயுதம். ஆனால் மருந்தைத் தடுக்கிற துஆவை நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை. இன்று அதே ஏர்வாடியில் மருந்தும் துஆவும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது.

சங்கிலி என்றால் இரும்பு மட்டும்தானா? விருந்தாளி வந்தால் உள் அறையில் வைத்துப் பூட்டப்படும் பிள்ளைகள் நம் தெருக்களில் இல்லையா? தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது என்ற பயத்தில் மருத்துவரிடம் காட்டாமல் மறைக்கப்படும் அண்ணன்கள் இல்லையா? அந்த வீட்டில் தீப்பிடித்தால், பூட்டைத் திறக்க யாருக்கு நினைவு வரும்? 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்க்கிறார். தயவுசெய்து கூட்டிக்கொண்டு போங்கள்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெஞ்சுவலியை "வாயு" என்று சொல்லி அடுப்படியில் நிற்கும் உம்மாமார்கள், மார்பில் கட்டி இருப்பதை ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று மாதக் கணக்கில் மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேசவேண்டுமானால் எதிரில் ஒரு பெண் நர்ஸ் இருக்க வேண்டும். ஆனால் "நைட் டியூட்டி இருக்குமே, வேண்டாம்" என்று நம் பெண்பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்பத் தயங்குகிறோம். நம் வீட்டுப் பிரசவத்துக்கு மட்டும் இரவில் பெண் நர்ஸ் வேண்டும் என்கிறோம். அகழ்ப் போரில் அம்பு பாய்ந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைத்து, பக்கத்திலிருந்து நலம் விசாரித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அங்கே காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) ஒரு பெண். பள்ளிவாசலுக்குள் நோயாளிக்கு இடம் தந்த சமுதாயம் நாம்.

விபத்தில் உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தந்திருக்கின்றன. பெயரைச் சொல்லும்படி உங்களை வற்புறுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. செங்கோட்டை வழியாக வரும் கேரளக் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

நிறைவாக, அறக்கட்டளைக்கும் ஜமாஅத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஜனாஸா என்றால் அரை மணி நேரத்தில் நம் தெருவே கூடிவிடுகிறது. அதே வேகம் உயிர் இருக்கும்போதே வேண்டும். மஹல்லாவில் தெருவுக்கு ஒரு பட்டியல் எடுப்போம். தனியாக இருக்கும் முதியவர், படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, மனநலம் பாதித்தவர் யார் யார் என்று எழுதுவோம். வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தால், மாற்றுச் சாவி யாரிடம், நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே முடிவு செய்வோம். குடும்பம் சம்மதித்தால் மட்டும் எழுதுவோம். அந்தப் பட்டியல் அமானிதம். பொறுப்பாளர் கையைவிட்டு வெளியே போகக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளை ஒரு அட்டையில் எழுதிக் கதவின் பின்பக்கம் ஒட்டுங்கள். தெருவுக்கு நாலு இளைஞர்கள், நாலு பெண்கள் நெஞ்சழுத்தப் பயிற்சி எடுக்கட்டும். வாரம் ஒரு முறை பட்டியலில் உள்ள கதவுகளைத் தட்டி, "எப்படி இருக்கிறீர்கள் பெரியம்மா?" என்று கேட்கட்டும்.

மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பயானில் கேட்கும்போது நமக்குப் பெரிய காரியங்கள் நினைவுக்கு வருகின்றன. எனக்கு, ஒரு பெரியவரைச் சரியான நேரத்தில் இடதுபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்த கை நினைவுக்கு வருகிறது. அந்தக் கையை நம் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.