கேமரா கைமாறட்டும்

 

புகைப்படக் கலைஞராகவும் ஆசிரியராகவும் வாழ்கிறவர்களின் தொழிலைப் பற்றி இந்த நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் பேச வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொண்டார்கள். நான் செய்வதும் இந்த இரண்டும்தான். முகூர்த்த நாளில் மண்டபத்தில் நிற்பேன். மற்ற நாளில் பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லித்தருவேன். இன்று இந்த மேடையில், என்னைவிடப் பெரியவர்கள் இருவரைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். அதற்கு முன்னால், என் வகுப்பின் முதல் பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நம் நெய்வேலிச் சுரங்கத்துக் கரிக்குப் பழுப்பு நிலக்கரி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் புதிதாக வெட்டிய இடத்தைப் பாருங்கள், கறுத்துத்தான் இருக்கும். அந்தக் கரிச்சுவர் படம் முழுக்க நிறையும்படி ஒரு படம் எடுங்கள். கரி கரியாக வராது, சாம்பல் பூத்ததுபோல வெளுத்து வரும். காரணம் என்ன? கேமராவுக்குள் இருக்கிற ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். கறுப்பைக் கண்டால் ஒளியைக் கூட்டும். வெள்ளையைக் கண்டால் குறைக்கும். கரிச்சுவருக்கு நாம்தான் ஒளியளவை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறைத்துவைத்து எடுக்க வேண்டும்.

இதே சங்கதி கல்யாண வீட்டிலும் நடக்கும். மாப்பிள்ளை நம்ம ஊர்க் கறுப்பு. பளீரென்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கேமராவை அதன் போக்கில் விட்டால் வேட்டி சட்டைக்கு ஒளியை அளந்துவிட்டு, மாப்பிள்ளை முகத்தை இருட்டில் தள்ளிவிடும். ஆகவே பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: முகத்துக்கு அளந்து எடு!

இது நம் மண்டபத்தோடு முடிகிற விஷயம் இல்லை, நண்பர்களே. கலர் பிலிம் வந்த காலத்தில், பிரிண்ட் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். பல்லாண்டுக் காலம் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோல் சரியாக வந்துவிட்டால் போதும், பிரிண்ட் சரி என்று அர்த்தம். உன் தோலும் என் தோலும் எப்படி வந்தால் யாருக்கு என்ன? இயந்திரத்துக்கு ஓரவஞ்சனை தெரியாது என்கிறோம். அளவுகோலை வைத்தவன் யாரைக் கணக்கில் எடுக்கவில்லையோ, அவர்களை இயந்திரமும் கணக்கில் எடுக்காது. அதனால்தான் கேமரா யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி பெரிய கேள்வி.

நான் சொல்ல வந்த முதல் மனிதர் லூயிஸ் ஹைன். நியூயார்க்கில் எதிக்கல் கல்ச்சர் பள்ளி என்றொரு பள்ளிக்கூடம். அங்கே அவர் வாத்தியார். பாடம் நடத்துவதற்குத்தான் முதலில் கேமராவை எடுத்தார். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பால் ஸ்ட்ராண்ட். 1908-ல் ஹைன் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் படம் எடுக்கக் கிளம்பினார்.

1911-ல் பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதிக்குப் போனார். நெய்வேலிக்காரர்களே, இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். கரி வழிந்தோடும் சரிவின் மேல் குனிந்து உட்கார்ந்து, கரியோடு வருகிற கல்லை வெறுங்கையால் பொறுக்கி எறியும் சிறுவர்களை அங்கே அவர் படம் எடுத்தார். தூசி மண்டிய கூடம். வரிசை வரிசையாகக் கறுத்த முகங்கள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயசு.

பல ஆலைகளில் அவரை உள்ளே விட மறுத்தார்கள். ஏதேதோ காரணம் சொல்லி உள்ளே நுழைந்தார். பையனுக்கு என்ன வயதிருக்கும், எவ்வளவு உயரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கின்றன என்று முன்பே அளந்து வைத்திருந்தார். பையன் பக்கத்தில் வந்து நிற்பான். எந்தப் பொத்தான்வரை வருகிறான் என்று பார்ப்பார். சட்டைப்பைக்குள் கையை விட்டு, யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொள்வார். படத்தோடு ஊர், நாள், வேலை, வயது எல்லாம் சேர்ந்ததால்தான் அந்தப் படங்களை யாராலும் பொய் என்று தள்ள முடியவில்லை. குழந்தைத் தொழிலாளர் முறையைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் 1938-ல் அமெரிக்காவில் நிலைபெற்றது. படங்கள் மட்டுமே அதைச் சாதித்தன என்று சொல்ல மாட்டேன். சங்கங்கள் போராடின, பெண்கள் அமைப்புகள் போராடின. அவர்கள் கையில் ஆதாரமாக இருந்தவை ஒரு வாத்தியாரின் படங்கள். அந்த வாத்தியார் 1940-ல் வறுமையில் இறந்துபோனார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாமவர் நம் காலத்தவர், நம் தமிழ்நாட்டுக்காரர். மதுரைப் பக்கம் ஜவகர்லால்புரத்துப் பிள்ளை, எம். பழனிகுமார். அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 2017-ல் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர். மலக்குழியில் மனிதரை இறக்குகிற கொடுமையை நாம் முகம் திருப்பிக்கொள்ள முடியாதபடி நம் முன் கொண்டுவந்து நிறுத்திய படம் அது. பிறகு, பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ என்னும் கிராமப்புற இந்திய மக்கள் காப்பகத்துக்காகத் தொடர்ந்து படமெடுத்தார். 2022-ல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் இவர்தான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய இவருடைய படங்களைப் பாருங்கள். பாறையில் விரல் கிழியாமல் இருக்கத் துணிக் கிழிசலை விரல் விரலாகச் சுற்றிக்கட்டுகிறார்கள். அதை அத்தனை நெருக்கத்தில் எடுத்திருக்கிறார். அந்தக் கட்டுத்துணி ஒன்றே அந்த வேலையின் பாடு எவ்வளவு என்று சொல்லிவிடும். அந்தப் பெண்கள் நம்பிப் பக்கத்தில் விட்டதால் கிடைத்த படம் அது.

இவ்வளவும் செய்தவர் அதோடு நிற்கவில்லை. தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமரா கற்றுத்தருகிறார். அதுவரை அடுத்தவர் எடுத்த படத்தில் மட்டுமே இருந்த குடும்பம், இப்போது தன் வீட்டைத் தானே படமெடுக்கிறது. பெற்ற தாய் கூடை சுமக்கும்போது எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள் என்று வெளியூரிலிருந்து வருகிறவனுக்குத் தெரியுமா? மகளுக்குத் தெரியும்!

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டது கரி. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. அதைத் தந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் ஓய்ந்தும்விட்டது. பெரியவர்கள் வந்த நாளுக்கெல்லாம் படம் உண்டு. ராட்சத இயந்திரங்களுக்குப் படம் உண்டு. அந்த இயந்திரத்தின் கீழே ராத்திரி ஷிப்ட் பார்த்தவருக்குப் படம் எங்கே? காண்ட்ராக்ட் தொழிலாளியின் சாப்பாட்டு நேரத்துக்குப் படம் எங்கே? நிலத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துபோன ஊர்களின் கோயிலுக்கும் குளத்துக்கும் களத்துமேட்டுக்கும் படம் எங்கே? இருக்கின்றன, நண்பர்களே! நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில், பழைய ஆல்பங்களில், பெயர் இல்லாமல், தேதி இல்லாமல், செல்லரித்துக்கொண்டு இருக்கின்றன.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

பெரியவர்களே, அந்தப் பெட்டிகளைத் திறவுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் அழுந்திவிடும். பசை தடவிய ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். உங்களுக்குப் பின்னால் அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது.

ஆசிரியர்களே, நம் டவுன்ஷிப் பள்ளிகளிலும் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளிலும் வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். செல்போன் கேமரா போதும். ஒளியைப் பார்க்கவும், அனுமதி கேட்கவும், பெயரைப் பிழையில்லாமல் எழுதவும், எடுத்த படத்தில் ஒரு பிரிண்ட்டை அந்த மனிதரிடமே கொண்டுபோய்க் கொடுக்கவும் சொல்லிக்கொடுங்கள். கற்றுத்தர நானும் வருகிறேன். என்னைப்போல ஸ்டுடியோ நடத்துகிற ஒவ்வொருவரும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் முதல் படத்தை வீட்டிலிருந்து தொடங்குங்கள். வேலைக்குக் கிளம்புகிற அப்பாவை எடுங்கள், அம்மாவை எடுங்கள். முகத்துக்கு ஒளியை அளந்து எடுங்கள். ஊரையும் நாளையும் பெயரையும் கூடவே எழுதுங்கள். நெய்வேலியின் அடுத்த வரலாற்றை எழுதப்போகிறவர்கள் நீங்கள்தான்.