மாதர் சங்கமும் மக்கள் தொண்டும்

(மல்லேஸ்வரத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் தமிழின் தொன்மையையோ காப்பியங்களின் நயத்தையோ எடுத்துரைப்பது வழக்கம். இரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் நாம் பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை நிறுத்தியவர்கள். அத்தகைய பொருள்களில் நுழையும் புலமை நமக்கு இல்லை. ஆதலின் நம் இல்லங்களிலேயே நடைபெறுகின்ற ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைந்தோம். அதுவே மாதர் சங்கங்கள் செய்யும் மக்கள் தொண்டு.

இதை இன்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. விழாச் செலவு போக எஞ்சும் தொகையை என்ன செய்வது என்னும் கேள்வி பொதுக்குழுவின் முன் வரவிருக்கிறது. அதனை ஓர் அறப்பணி நிதியாகத் தம்மிடம் ஒப்படைக்குமாறு நம் மகளிர் குழுவினர் கேட்டிருக்கின்றனர். அன்பர்களிடையே இதற்கு இரண்டு தடைகள் எழுந்துள்ளன. “பெண்கள் கோலப் போட்டியும் கொலுவும் நடத்தினால் போதாதா?” என்பது ஒன்று. “நம் பணம் நம்மவர்க்கே பயன்பட வேண்டாமா?” என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தோடு எழுந்தவையே. ஆயினும் விடை கூற வேண்டியவை.

முதலில், நாம் குடியிருக்கும் ஊரை எண்ணிப் பார்ப்போம். 1898-இல் பெங்களூரில் பிளேக் நோய் பரவிப் பேட்டைப் பகுதியில் பல உயிர்களைக் கொண்டு சென்றது. நெருக்கம் இல்லாத, காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் தேவை என்று அரசு கருதியதன் விளைவாக எழுந்தவையே மல்லேஸ்வரமும் பசவனகுடியும். அவரவர் வீட்டைக் கழுவிக்கொண்டால் மட்டும் நோய் நீங்குவதில்லை, அடுத்த வீட்டாரின் நலமும் நம் நலமே என்னும் பாடத்தில் பிறந்த ஊர் இது.

இவ்வூருக்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோயிலில் 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சிவாஜியின் தம்பியான ஏகோஜி இக்கோயிலுக்கு ஊர் ஒன்றைக் கொடையாக அளித்த செய்தியை அது கூறுகிறது. அந்த ஏகோஜியே பின்னர்த் தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவியவர். கொடுத்தவர் மராட்டியர், கொடுக்கப்பட்ட நிலம் கன்னட நாட்டில், இன்று அங்கே விளக்கேற்றி வழிபடுவோரில் தமிழரும் தெலுங்கரும் இருக்கின்றனர். அறம் மொழி கேட்டுச் செய்யப்படுவதன்று என்பதற்கு இதனினும் அருகில் சான்று வேண்டுமோ? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையார் கன்னடம் பேசுகிறார். அவருடைய மகள் கன்னடப் பள்ளியில் பயில்கிறாள். அவளுக்குப் புத்தகம் வாங்கித் தரும்போது அவள் நம்மவள் அல்லள் என்று எவ்வாறு சொல்வது? இரண்டாம் தடைக்கு இதுவே விடை.

முதல் தடைக்கு வருவோம். பெண்கள் கூடினால் பேச்சும் பாட்டும் தவிர வேறு என்ன விளையும் என்று கேட்போர் நம் தெருக்களிலேயே நடந்து பார்க்கலாம். மல்லேஸ்வரம் லேடீஸ் அசோசியேஷன் என்னும் மாதர் சங்கத்தின் பெயரைத் தாங்கிப் பெண்களுக்கென ஒரு கல்லூரியே இங்கு நடைபெறுகிறது. கடல் கடந்து நோக்கினால், 1924-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் மார்கரெட் கோல்டிங் என்னும் அம்மையார் ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியரை ஒன்றுசேர்த்து ‘இன்னர் வீல்’ என்னும் மகளிர் கழகத்தைத் தொடங்கினார். அவர் செவிலியாகப் பணி புரிந்தவர். கணவன்மாரின் கூட்டத்துக்குத் துணையாக எழுந்த அக்கழகம் இன்று பல நாடுகளில் கிளைத்திருக்கிறது. நம் நாட்டிலும் ஊர்தோறும் அதன் கிளைகள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் உதவி வருகின்றன.

தமிழ்நாட்டுச் சான்றுகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே சென்னையில் சாரதா மாதர் சங்கத்தை அமைத்தார். பெண்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் தொடக்கம். அவ்வாறு கூடிய பெண்களின் துணையைக் கொண்டே இளம் விதவையர்க்கு இல்லமும் கல்வியும் அளிக்கும் பெரும்பணியை அவர் வளர்த்தார். பிற்காலத்தில் மயிலாப்பூர் மாதர் கழகத்தின் வாயிலாக 1956-இல் வித்யா மந்திர் பள்ளி தோன்றியதிலும் அவருடைய பங்கு உண்டு.

இவை எல்லாவற்றினும் நம் நெஞ்சை ஈர்ப்பது அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையின் வரலாறு. அதன் முழுப்பெயரை ஊன்றிப் படித்தோர் சிலரே. பெயரின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் ‘டபிள்யூ. ஐ. ஏ.’ என்று மூன்று எழுத்துகள் நிற்கும். அவை இந்திய மாதர் சங்கத்தைக் குறிப்பவை. 1917-இல் அடையாற்றில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசர் முதலிய அம்மையார்களின் முயற்சியால் எழுந்தது அச்சங்கம். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதன் தூண்களுள் ஒருவர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்த துயரம் அவர் உள்ளத்தில் ஆறாமல் இருந்தது. அந்நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் இடைவிடாது முயன்றார். மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். 1955-இல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். முத்துலட்சுமி அம்மையார் 1968-இல் மறைந்தார். பணி நிற்கவில்லை. டாக்டர் சாந்தா 2021-இல் தாம் மறையும் வரை அம்மருத்துவமனை வளாகத்தையே தம் இல்லமாகக் கொண்டு உழைத்தார். அன்று 12 படுக்கைகளோடு தொடங்கிய இடத்துக்கு இன்று நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். ஏழையர் பலர் கட்டணமின்றியும் குறைந்த கட்டணத்திலும் அங்கே சிகிச்சை பெறுகின்றனர்.

பெரியோர்களே! இவ்வரலாற்றில் நாம் கண்டு வியப்பது ஒருவருடைய ஆற்றலை மட்டுமன்று. தொடங்கியவர் போன பின்னும் பணி தொடர்ந்ததே அதனினும் பெரிது. நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் தடுமாறும் இடம் இதுவே. நம்மில் பலர் மாற்றல் உத்தரவு வந்தால் ஒரே மாதத்தில் மூட்டை கட்டுபவர்கள். சுறுசுறுப்பான செயலாளர் அம்மையார் ஒருவர் இருக்கும்வரை பணி நடக்கும். அவர் கணவருக்கு ஹூப்ளிக்கோ மைசூருக்கோ மாற்றல் ஆனால், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவருக்குக் கொடுக்க வாக்களித்தோம் என்பதும் அவரோடு வண்டி ஏறிவிடும்.

இரயில்வேயில் நாம் கற்ற பாடம் ஒன்றை இங்குச் சொல்வது தவறாகாது. பணி முடித்துச் செல்பவர், முடிந்த வேலை, முடியாத வேலை, கையிருப்பு, சாவி ஆகிய அனைத்தையும் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டுச் சார்ஜ் ஒப்படைப்பார். வருபவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டுச் சார்ஜ் ஏற்பார். ஆள் மாறுவார், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அறப்பணிக்கும் இத்தகைய புத்தகம் ஒன்று வேண்டும். அன்பு உள்ளவர்க்குக் கணக்கு எதற்கு என்று கேட்கலாகாது. கணக்கு இருந்தால்தான் அன்பு அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்கும்.

சிறு கணக்கு ஒன்று பாருங்கள். சமைக்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது நம் பாட்டிமார் அறிந்த வழக்கம். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் என்று கொள்வோம். 40 இல்லங்களில் நாள்தோறும் ஒரு பிடி எடுத்தால் ஒரு நாளைக்கு 2 கிலோ. முப்பது நாளைக்கு 60 கிலோ. ஒருவருக்கு மாதம் 12 கிலோ என்றால், தனித்து வாழும் முதியோர் ஐவருக்கு அது மாதச் சோறு. எந்த வீட்டிலும் உலை குறையப் போவதில்லை. தேவைப்படுவது, மாதம் ஒருமுறை வீடு வீடாகச் சென்று அளந்து வாங்கிக் குறித்துவைக்கும் இருவர் மட்டுமே.

இனி, கொடுக்கும் முறை பற்றி ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கழகத்தார் நடத்திய விழாவுக்கு நாம் சென்றிருந்தோம். எளிய குடும்பத்துச் சிறுமி ஒருத்தியை மேடைக்கு அழைத்துப் பள்ளிக் கட்டணம் அளித்தனர். அவள் தந்தை குடிப்பழக்கம் உடையவர் என்பதையும் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். புகைப்படம் சரியாக விழவில்லை என்று உறையைத் திரும்ப வாங்கி மறுமுறையும் கொடுத்தனர். அச்சிறுமி தலை நிமிரவே இல்லை. மறு ஆண்டு அவளை அழைத்தபோது, “வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று அவள் தாய் சொல்லிவிட்டாராம். கொடுத்த பணம் நல்ல பணமே; கொடுத்தவர்கள் நல்லவர்களே. ஆயினும் அன்று அச்சிறுமி பெற்றதைவிட இழந்தது மிகுதி. பெறுகிறவரின் மானத்தைக் காவாத கொடை பாதிக் கொடையே ஆகும்.

ஆகவே பொதுக்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். எஞ்சும் தொகையை மகளிர் குழுவின் அறப்பணி நிதிக்கே அளிக்க வேண்டும். அந்நிதிக்கு வரவு செலவுப் புத்தகமும், சார்ஜ் ஒப்படைக்கும் புத்தகமும் வைத்து, கணக்கினை ஆண்டுதோறும் இம்மேடையில் படிக்க வேண்டும். பெற்றவர் பெயரைப் படிக்கக் கூடாது. உதவி கேட்போரின் தேவையை உசாவலாம். மொழியையும் சாதியையும் உசாவலாகாது. நான்காவது, ஆடவராகிய நமக்கு உரியது. தொண்டுக்குப் பணத்தினும் அரிய பொருள் நேரம். தாய்மார்கள் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வெளியே சென்று பணி செய்ய வேண்டுமாயின், அந்த இரண்டு மணி நேரம் அடுப்படியை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். காபி சற்றுக் கசந்தால் கசக்கட்டும். பிள்ளைகள் ஒருநாள் தந்தையின் உப்புமாவை உண்டு பிழைப்பார்கள்!

கோலமும் கொலுவும் வேண்டா என்று நாம் கூறவில்லை. வந்த ஊரில் நம் வழக்கங்களைக் காப்பாற்றித் தருபவர்கள் தாய்மார்களே. வாசலில் இடும் கோலத்தை அரிசி மாவால் இடுவது எறும்புக்கும் ஓர் உணவு ஆகட்டும் என்றன்றோ பெரியோர் சொல்வர்? அழகையும் ஈகையையும் ஒரே கையால் செய்யக் கற்றவர்கள் அவர்கள். அந்தக் கைக்கு நாம் நம்பிக்கையோடு நிதியை அளிப்போமாக.

அடையாற்று மாதர்கள் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கினர். நாம் ஐந்து முதியோரின் அரிசியோடும், பத்துக் குழந்தைகளின் புத்தகத்தோடும் தொடங்குவோம். பத்தாண்டு கழித்து நம்மில் பலர் இக்காலனியில் இருக்க மாட்டோம். நமக்குப் பின் இவ்வீடுகளில் குடியேறுவோர் அந்தப் புத்தகத்தைத் திறந்து, நம் கையெழுத்துக்குக் கீழே தம் கையெழுத்தை இட்டுப் பணியை ஏற்பாராயின் அதுவே நமக்குப் போதும்.

 வாழ்க தாய்மார்கள் தொண்டு! வளர்க நம் சங்கம்!